பழுது என்று பதிவேட்டில் இருக்கிறது

ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. என்னை மந்தபுத்திக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தேழு வருடமாக நான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவன். மந்தபுத்திக்காரன் அந்த வேலையில் ஒரு வாரம் தாண்டமாட்டான். பதினான்கு மாதம் ஆனதற்குக் காரணம், நான் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

நான் தேட வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆளை. என் அக்காவை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷனை விட்டு வந்துவிட்டேன் என்றாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், "இங்க வந்து உக்காந்துட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க? அனுசரிச்சுப் போக்கா" என்றேன். சின்ன வயதில் என்னைச் சுண்டெலி என்று கூப்பிட்டு இடுப்பில் சுமந்தவள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கினாள். புருஷன் வீட்டுக்கும் அவள் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருத்தன்கூட வந்து எதுவும் பேசவில்லை.

விசாரிக்காத இடமில்லை. இதற்குள் நானும் இரண்டு தடவை வீடு மாறிவிட்டேன், அவளாகத் தேடி வந்தாலும் பழைய வாசலில் நான் இருக்கமாட்டேன். உறவுக்காரர்களிடம் கேட்டால், "நீதானேப்பா அனுப்பிவெச்ச" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேரிடம் கேட்கவில்லை. அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் என் மனைவி தன் போனை என் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, இங்க மேல ஒரு கட்டம் இருக்கு பாருங்க. இதுல பேரைத் தட்டினா ஆளே கிடைக்குதாம். எங்க சமையல்கூடத்துல ஒருத்தி, கூடப் படிச்ச சிநேகிதியையே இதுல பிடிச்சிட்டா. அண்ணி பேரைத் தட்டிப் பாருங்களேன்."

அன்றைக்கே தட்டியிருக்கலாம். மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போன லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "உங்களுக்குத் தேடத் தெரியுமா? தெரியும் என்று நினைக்கிறீர்கள். பயிற்சியற்ற தேடல் ஆபத்தானது. தேடப்போய்த் தாமே தொலைந்தவர்கள் உண்டு. தேடல் பயிற்சி இயக்ககம், மூன்றாம் மாடி. காலை வகுப்பும் மாலை வகுப்பும் உண்டு."

நான் அறிவிப்புப் பலகைகளை மதிக்கிறவன். 'வேலை நடக்கிறது, இயக்காதீர்' என்று நான் ஒரு போர்டை மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கும்போது, மேலே ஒருத்தன் அதைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறான். அதனால்தான் நான் உயிரோடு வீடு திரும்புகிறேன். எழுதி மாட்டியதை நம்பாதவன் என் தொழிலில் இருக்க முடியாது. ஆகவே அந்த அறிவிப்பையும் நம்பினேன்.

இயக்ககம் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. 'பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு போர்டு தொங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பித்தளைச் சங்கிலியில் மாட்டி, தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். படியேறி மூன்றாம் மாடிக்குப் போனதும் கை சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் கதவை அழுத்திப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது. அவ்வளவுதான் விஷயம். கதவுப் பூட்டின் உள்ளே இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்ள வேண்டும், தொடவில்லை. கதவு சாத்தியிருந்தாலும் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு லிஃப்ட் நகராமல் நிற்கும். கரியைச் சுரண்டித் தகட்டை நிமிர்த்தினால் போதும்.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். கதவை ஆட்டிய சத்தம் கேட்டு, கீழே உட்கார்ந்திருந்த வாசல் உதவியாளர் படியேறி ஓடி வந்தார்.

"கை வைக்காதீங்க சார்!"

"பத்து நிமிஷ வேலைங்க. காசெல்லாம் வேண்டாம்."

"பத்து நிமிஷமோ பத்து வருஷமோ, அது பதிவேட்டுல பழுதுன்னு இருக்கு. நீங்க பாட்டுக்குச் சரி பண்ணிட்டா பதிவேடு பொய்யாயிடாதா? நாளைக்கு ஆய்வுக்கு வந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. முதல் நாளே நான் அந்த நிலைக்கு வந்துவிட்டேன்.

காலை வகுப்பில் சேர்ந்தேன். சேரும்போது ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். சான்றிதழ் பெறும்வரை வீட்டிலோ வெளியிலோ, சொந்தப் போனிலோ இரவல் போனிலோ, எதையும் தேடமாட்டேன் என்று. வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "வீட்டுச் சாவி தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க? வெளியிலேயே நிப்பீங்களா?" நான் அவளுக்கு ஒழுங்குமுறையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவள் பாதியிலேயே எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

தொடக்க நாளில் இயக்குநர் பேசினார். தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிறவர் உண்டு. இவர் பேச்சுக்கு நடுநடுவே செருமினார், எங்கே கைதட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிவதற்காக.

"அன்பார்ந்த தேடுநர்களே! கண்டுபிடிப்பது யாராலும் முடியும். வழுக்கி விழுந்தவன்கூட எதையாவது கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் தேடுவது ஒரு கலை. கண்டுபிடித்த மறுகணமே தேடல் செத்துவிடுகிறது. அந்தக் கொலையைச் செய்ய நாங்கள் கற்றுத்தருவதில்லை. பெருமையோடு சொல்கிறேன், இந்த இயக்ககம் தொடங்கிய பதினோரு ஆண்டுகளில், இங்கே படித்த எவரும் எதையும் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு புகார்கூட வந்தது கிடையாது."

செருமினார். கைதட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

முதல் மூன்று மாதம் கணினியைக் கண்ணால் பார்க்கவில்லை. அட்டையில் வரைந்த எழுத்துப் பலகைதான். அட்டையில் தப்பாகத் தட்டினால் அழிக்க முடியாது, அதனால் கவனம் கூடும் என்பது அவர்கள் தத்துவம். தட்டினால் எதுவும் வராது என்பதால் தப்பா சரியா என்று யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். நாலாம் மாதம் கணினி அறைக்குள் கூட்டிப்போனார்கள். ஆறு கணினிகள், ஆறுக்கும் உறை, சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் பார்த்ததற்குக் கையெழுத்து.

ஐந்தாம் மாதம் செய்முறை தொடங்கியது. தேட விரும்புவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சீட்டைக் கண்காணிப்பாளர் படித்து, தகுதியானதை மேலே அனுப்புவார். மேலே யாரோ தேடி, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். நான் பயிற்சிக்காக, 'நாளைக்கு மழை வருமா?' என்று எழுதிப் போட்டேன். ஆறு வாரம் கழித்து முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. 'வந்தது' என்று எழுதியிருந்தது. சரியான விடைதான், குறை சொல்வதற்கில்லை. அன்றைக்கு நான் நனைந்திருந்தேன்.

ரொட்டிக்கடைக்காரர், 'ரொட்டி நடுவில் வேகாமல் போவது ஏன்?' என்று கேட்டிருந்தார். சீட்டு திரும்பி வந்தது. 'எந்த ரொட்டி? குறிப்பிட்ட ரொட்டியை இணைத்து அனுப்பவும்.' மனுஷன் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். 'இணைப்பு கிடைக்கப்பெற்றது, நடு நன்றாகவே வெந்திருந்தது' என்று பதில் வந்தது. மறுபடியும் ரொட்டி அனுப்பச் சொன்னார்கள். பிறகு வாரம் ஒன்று என்று வழக்கமாகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் நான் அங்கே போய்க்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் டீச்சர். எங்கள் பயிற்றுநர். அந்தக் கட்டடத்தில் என்னை ஒரு மனுஷனாகப் பார்த்தது அவர் ஒருத்தர்தான் என்று நம்பினேன். காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் அவரே டீச்சர். 'தேடல் நோக்கப் படிவம்' என்று ஒன்றை நிரப்ப வேண்டிய நாளில் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மெக்கானிக் சார், எழுத வரலையா? வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

சொன்னேன். வீங்கிய கன்னத்தைச் சொன்னேன், நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன், சுண்டெலியைச் சொன்னேன். கட்டின மனைவியிடம்கூட அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. அக்காவின் பெயரைச் சொன்னபோது டீச்சரின் பேனா ஓர் இடத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கிடைச்சா என்ன சார் சொல்வீங்க அவங்ககிட்ட?"

"உள்ள வாக்கான்னு சொல்லணும் டீச்சர். அவ்வளவுதான். அன்னைக்குச் சொல்ல வேண்டியது அது ஒண்ணுதான்."

டீச்சர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் இருக்கேன் சார். நீங்க ஒழுங்கா வகுப்புக்கு வாங்க, போதும்."

அன்றைக்குப் படியிறங்கும்போது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒரு நல்ல மனுஷியிடம் மனதைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தேன். நினைத்ததற்காக இப்போது என்னையே நான் அறைந்துகொள்ளலாம்.

அந்த நாட்களில் வாசல் உதவியாளரிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசுவேன். ஒருநாள் அவர் சொன்னார்:

"சாயந்திர வகுப்புல ஒரு அம்மா வர்றாங்க சார். ரெண்டு முட்டியும் போச்சு. ஒவ்வொரு படிக்கும் 'அம்மா, அம்மா'ன்னு ஏறுறாங்க. ரெண்டாவது மாடியில உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் மேல வருவாங்க. லிஃப்ட் எப்ப சரியாகும், எப்ப சரியாகும்னு என் உசிரை எடுக்கறாங்க."

எனக்கு யாரென்றே தெரியாத அந்த அம்மாவுக்காக நான் லிஃப்டைச் சரிசெய்ய அனுமதி கேட்டு மனு எழுதிப் போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'மனுதாரர் குறிப்பிடும் லிஃப்ட் பழுதானது எனப் பதிவேட்டில் உள்ளது. பழுதான லிஃப்டில் வேலை செய்வது பாதுகாப்பற்றது. அது சரியான பிறகு மனுதாரர் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம்.' நான் இதை நாலு தடவை படித்தேன். பிறகு இன்னொரு மனு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் வாசல் உதவியாளர், "அந்த முட்டிவலி அம்மா நின்னுட்டாங்க சார். இனிமே முடியலன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் நிம்மதிகூட.

எட்டாம் மாதம் தேர்வு. 'தேடும் முகபாவம்' என்பதற்கு மட்டும் நாற்பது மதிப்பெண். முகத்தில் நம்பிக்கை இருக்க வேண்டும், எதிர்பார்ப்பு இருக்கக் கூடாது. இயக்குநரே முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண் போட்டார். ரொட்டிக்கடைக்காரருக்குப் பசி தெரிகிறது என்று குறைத்துவிட்டார்கள். எனக்கு முப்பத்தெட்டு. இருபத்தொரு வருடப் பழக்கம், சும்மாவா?

ஒன்பதாம் மாதம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"சார், உங்க அக்கா கிடைச்சிட்டாங்க."

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"எங்க டீச்சர்? எங்க இருக்கா? இப்பவே போறேன்."

"பொறுங்க சார். இது இயக்ககத்தோட வரலாற்றிலேயே முதல் கண்டுபிடிப்பு. இயக்குநரே ஆடிப்போயிட்டார், இதை எந்தப் படிவத்துல எழுதறதுன்னு. ஆண்டு விழாவுல, சிறப்பு விருந்தினர் கையால, மேடையில வெச்சு உங்களைச் சேர்த்துவைக்கப் போறோம். அதுவரைக்கும் நீங்க பார்க்கக் கூடாது. பார்த்துட்டா மேடையில அழுகை வராது."

"எனக்கு வரும் டீச்சர். சத்தியமா வரும். ஒருவாட்டி மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

"என்னை நம்புங்க சார். இத்தனை வருஷம் பொறுத்தீங்க, இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கமாட்டீங்களா?"

வீட்டில் மனைவி கேட்டாள்: "உசிரோட இருக்கிற மனுஷியப் பார்க்க விழா எதுக்குங்க? எனக்கு என்னவோ சரியாப் படல." அவளிடம் எரிந்து விழுந்தேன். டீச்சர் எப்படிப்பட்டவர் தெரியுமா, எனக்காகக் கண்கலங்கியவர் தெரியுமா என்றேன். புதுச் சட்டை எடுத்தேன். மனைவி பக்கத்து அறையை ஒழித்து, கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டைகளையெல்லாம் பரணில் ஏற்றினாள். சரியாகப் படவில்லை என்று சொன்னவள்தான், மெத்தைக்கு உறை தைத்தாள்.

சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைக்காமல் விழா மூன்று தடவை தள்ளிப்போயிற்று. இரண்டு மாதம் ஐந்து மாதமாயிற்று. ஒருவழியாக நாள் வந்தது. மேடை, மாலை, ஒலிபெருக்கி. நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக 'அக்கா தம்பி சேருதல், ஆறு நிமிடம்' என்று போட்டிருந்தது. அதற்கு முன்னால் இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். "கண்டுபிடிப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பார்கள் சிலர். இதோ, கண்டுபிடித்துவிட்டோம். இனி பத்து ஆண்டுகளுக்கு யாரும் எங்களைக் கேட்க முடியாது!" செருமினார். கைதட்டல்.

என்னை மேடையில் ஏற்றினார்கள். எதிர்ப்பக்கத் திரை விலகியது. நீலப் புடவை கட்டிய ஓர் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "தம்பீ!" என்று ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

வயதுக்கு மீறிய ஓட்டம். அக்காவின் உயரம் இல்லை, அக்காவின் மூக்கு இல்லை. இருபத்தொரு வருடத்தில் முகம் மாறும், ஆள் மாறாது. அந்த அம்மா என் காதருகே மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். போட்டோ எடுத்ததும் விட்டுடறேன். நான் கீழ் மாடி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். டீச்சர் ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க."

மேடையோரத்தில் டீச்சர் நின்றார். இரண்டு விரலால் தன் உதட்டோரங்களை மேலே இழுத்துக் காட்டினார், சிரிக்கச் சொல்லி. சபை முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு அக்காவின் முகம் தெரியும். நான் கத்தியிருக்கலாம். மைக் பக்கத்தில்தான் இருந்தது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று, இரண்டாம் தடவையாக, நான் சிரித்தேன்.

இறங்கியதும் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அக்கா எங்க?"

"கோபப்படாதீங்க சார். அவங்க நம்ம சாயந்திர வகுப்புலதான் இருந்தாங்க. உங்க படிவத்தை எழுதின அன்னைக்கே எனக்குத் தெரியும். அவங்களும் உங்களைத் தேடறதாத்தான் எழுதியிருந்தாங்க. ரெண்டு பேரும் தேர்ச்சியாகட்டும், அப்புறம் சேர்த்துவெச்சா இயக்ககத்துக்கும் பெருமைன்னு நினைச்சேன். நடுவுல நின்னுட்டாங்க. முட்டியில பிரச்சினையாம், படி ஏற முடியலையாம்."

ரெண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த அம்மா.

"அவ நின்னது தெரிஞ்சுதான் கிடைச்சிட்டான்னு சொன்னீங்களா?"

"பேர் பதிவேட்டுல இருந்தது சார். விழாவுக்கு வரச் சொல்லி அந்த விலாசத்துக்குத் தபால் அனுப்பினோம், வீடு மாறிட்டாங்கன்னு திரும்பி வந்துடுச்சு. அதுக்குள்ள அழைப்பிதழ் அடிச்சாச்சு. ஏழாவது நிகழ்ச்சியை எடுத்துட்டா எட்டாவதை ஏழுன்னு மாத்தணும், எல்லாத்தையும் மறுபடி அடிக்கணும்." பிறகு என் தோளைத் தொட்டார். "நீங்க ரொம்ப இயல்பா சிரிச்சீங்க சார்."

அந்த மாதமே டீச்சர் இணை இயக்குநர் ஆனார். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது.

சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, மனைவியின் போனை வாங்கினேன். மேலே இருந்த கட்டத்தில் அக்காவின் பெயரைத் தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் என் முகபாவத்தைப் பார்க்கவும் இல்லை.

முதலாவதாக வந்தது இயக்ககத்தின் பக்கம். 'இருபத்தொரு ஆண்டுக்குப் பின் அக்காவைக் கண்டெடுத்த தம்பி!' எங்கள் இருவர் பெயரும் முழுசாக, தெளிவாக இருந்தது. பெரிய படம். நீலப் புடவை அம்மா என்னைக் கட்டிப்பிடித்திருக்க, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். கீழே ஏகப்பட்ட பேர் வாழ்த்தியிருந்தார்கள். மனைவிதான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசிக்குப் பக்கத்தில் அவள் விரல் நின்றது. பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருந்தார்:

'பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு உன் பேரைத் தேடச் சொன்னேன். இந்தப் படம் வந்தது. இந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. உனக்கு அக்கா கிடைத்துவிட்டாள் என்று போட்டிருக்கிறது. என்னைத்தான் தேடுகிறாயோ என்று நான் பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு மட்டும் மாறவில்லை. நல்லா இரு சுண்டெலி.'

அக்காவை நான் இரண்டாம் தடவை வாசலில் நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை ஊரைக் கூட்டி, படம் எடுத்து.

"பதில் எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க" என்று மனைவி அழுதாள். எழுதும் இடத்தில், 'கருத்துப் பகுதி நிறைவாக மூடப்பட்டது' என்று இருந்தது.

மறுநாள் இயக்குநர் முன்னால் போய் நின்றேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு கருத்துக்குப் பதில் போட வழி செய்யுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி.

"பதில் போடறது இரண்டாம் நிலைப் பயிற்சி சார், அடுத்த சேர்க்கைக்கு வாங்க" என்றார் அவர். "படத்தை எப்படி எடுக்கறது? நாலாயிரம் பேர் அதைத் தேடிக் கண்டுபிடிச்சுப் பார்த்திருக்காங்க. நாலாயிரம் பேர் கண்டுபிடிச்ச ஒண்ணை, நீங்க ஒருத்தர் வந்து பொய்னு சொன்னா ஆச்சா? உங்க முகத்தைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கு!"

வெளியே வந்தேன். வாசல் உதவியாளர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, தகட்டை நிமிர்த்தி, மூடினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். எட்டு நிமிடம். பொத்தானை அழுத்தியதும் பெட்டி ஒரு குலுங்கல் குலுங்கிக் கீழே போயிற்று, மேலே வந்தது. கீழே இறங்கி, போர்டைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைத்தேன். முதல் நாளே அவர் பேச்சைக் கேட்காமல் இதைச் செய்திருந்தால் அக்கா நின்றிருக்கமாட்டாள். இயக்ககம் எனக்குச் செய்த துரோகத்தை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த எட்டு நிமிடத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

வாசல் உதவியாளர் திரும்பி வந்து லிஃப்ட் ஓடுவதைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"சரி, ஓடினா ஓடிட்டுப் போகுது. போர்டு மட்டும் இருக்கட்டும் சார். பதிவேட்டுல இன்னும் பழுதுதான்." சட்டைக் கையால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார். எனக்கு அப்போது சண்டை போடத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மாலை வகுப்பு தொடங்கும் ஐந்து மணிக்கு அங்கே போய் நிற்பேன். அந்தப் படத்தைப் பார்த்தவள் சண்டை போடவாவது ஒருநாள் வருவாள் என்று ஒரு நப்பாசை. லிஃப்டைக் கீழே இறக்கி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு நிற்பேன். யாருக்காக நிற்கிறேன் என்று வாசல் உதவியாளரிடம் சொல்ல மட்டும் வெட்கம் விடவில்லை. இருபத்திரண்டு நாள் தவறாமல் நின்றேன். இருபத்துமூன்றாம் நாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே ஒரு நோயாளி மாட்டிக்கொண்டார். அவரை இறக்கிவிட்டு வர முக்கால் மணி நேரம் பிந்திவிட்டது.

வாசல் உதவியாளர் என்னைக் கண்டதும் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்தார்.

"அந்த முட்டிவலி அம்மா இன்னைக்கு வந்திருந்தாங்க சார். படியில கால் வைக்கவே இல்ல, இங்கேயே நின்னாங்க. 'இங்க லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் படிக்க வந்தாராமே, அவர் இன்னும் வர்றாரா'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எதுவும் சொல்லல சார், நீங்க வர்றீங்கன்னா லிஃப்ட் ஓடற கதையும் வெளிய வந்துடுமே. போர்டைக் காட்டினேன். 'மெக்கானிக் ஒருத்தர் இங்க வந்துட்டிருந்தா இந்த போர்டு தொங்குமாம்மா?'ன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம், அதுவும் சரிதான்னுட்டுப் போயிட்டாங்க."

லிஃப்ட் கீழேதான் இருந்தது. கதவு சாத்தியிருந்தது.